கையடக்கக் கணினியோடு சேரன்மகாதேவிக்கு

திருநெல்வேலிக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலில் அங்கே போனது ஊர் சுற்ற இல்லை. 1998 ஜூலையில், கைப்பையில் ஒரு கையடக்கக் கணினியையும் தலையில் கொஞ்சம் கர்வத்தையும் வைத்துக்கொண்டு போனேன். இரண்டுமே என்னோடு திரும்பி வரவில்லை.

அப்போது கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கையேடு எழுதுவது என் வேலை. மெக்கானிக்குகளுக்கான ரிப்பேர் புத்தகம் 212 பக்கம், செங்கல் கனம். அதை யாரும் வயலுக்கு எடுத்துப் போனதே இல்லை. வேலை நடுவில் சிக்கினால் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, கோவைக்கு போன் போட்டுக் கேட்பார்கள். எங்கள் முதலாளி சிங்கப்பூரிலிருந்து சட்டைப் பையில் அடங்கும் கணினி இரண்டு வாங்கி வந்து, "அந்தப் புத்தகத்தை இதுக்குள்ள போட்டுடும்மா" என்றார். ஏதோ துணி மடித்து வைக்கிற மாதிரி!

தமிழ் எழுத்து அந்தக் கருவியில் ஏறாது. ஒவ்வொரு திரையையும் பெரிய கணினியில் எழுதி, படமாக மாற்றி ஏற்ற வேண்டும். ஒரு திரைக்கு ஏழே வரி. 'பக்கம் 87-இல் உள்ள படம் காண்க' என்று புத்தகத்தில் எழுதியதெல்லாம் அங்கே செல்லாக் காசு. ஐந்து மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு 64 திரைகளில் அடக்கினேன். கோவை மெக்கானிக்குகள் பம்பைத் தொடுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்பதைக் கவனித்திருந்ததால், முதல் திரையிலேயே 'பம்பில் என்ன சத்தம் வருகிறது?' என்று வைத்தேன். அதில் எனக்குப் பெருமையோ பெருமை.

கோவையில் காலை ஐந்தரை மணி பஸ். 370 கிலோமீட்டர், எண்பத்தைந்து ரூபாய். கோவில்பட்டி தாண்டியதும் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது, என் தலைமுடி பின் சீட்டுக்காரர் முகத்தில்தான் இருந்தது. மூன்று மணிக்கு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். (இப்போது போகிறவர்கள் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்குவீர்கள்.) பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்து, ஆற்றுப் பாலம் தாண்டி பாளையங்கோட்டை. அல்வாவைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுத மாட்டேன், அதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

பாளை மார்க்கெட் பக்கம் எங்கள் பம்பு விற்கும் கடை. நன்றாகப் படிக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், கருவியை இங்கே சோதித்துப் பார்க்கலாம் என்று கோவைக்குக் கடிதம் எழுதியிருந்தவர் கடை முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி, நெற்றி நிறைய திருநீறு. கடைக்குப் பின்னால் சோதனைப் பம்பு ஒன்று டீசல் எஞ்சினில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அருகில் முப்பது வயது சொல்லத்தக்க ஒருவர், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல் நின்றார். "இவன்தான் ஜெபராஜ். எங்க கடையில இவன் கைக்கு மிஞ்சின கை கிடையாது" என்றார் அண்ணாச்சி.

நான் கருவியைக் கொடுத்தேன். ஜெபராஜ் முதல் திரையைப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு கருவியோடு வந்த தொடு குச்சியால் மூன்றாவது விடையைத் தொட்டார்: 'சத்தமே இல்லை'. அடுத்த திரை வந்தது: 'எஞ்சின் ஓடவில்லை. முதலில் எஞ்சினை ஓட்டவும்.' எதிரே எஞ்சின் தரை அதிர ஓடிக்கொண்டிருக்கிறது! மறுபடி முதல் திரை. மறுபடி 'சத்தமே இல்லை'. மூன்றாம் தடவை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: 'எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்த மிஷின் என்னை எஞ்சின் ஓட்டத் தெரியாதவன் என்கிறது.'

எனக்கு முகம் செத்துப்போனது. "அண்ணாச்சி, கடிதத்துல இதைச் சொல்லவே இல்லீங்களே!" என்றேன்.

"சொல்லலியோ? நல்லா படிப்பான்னு எழுதுனேம்லா. காது சங்கதி ஊருக்கே தெரியுமேம்மா" என்றார் அண்ணாச்சி, தலையைச் சொறிந்துகொண்டு.

அப்புறம்தான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. ஜெபராஜ் பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். கடையில் ஆறு வருஷம். எந்த வேலைக்குப் போனாலும் கூட ஒரு ஆள் போக வேண்டும், சிக்கினால் கோவைக்கு போன் பேச. வேலைச் சீட்டில் மெக்கானிக் என்று அந்த ஆள் பெயர் இருக்கும், ஜெபராஜ் பெயருக்கு நேரே 'உதவி' என்று இருக்கும். இப்போது அம்பாசமுத்திரம் லைனுக்கு, அந்தப் பக்கத்து ஊர் வேலைகளுக்கு, தனியாக ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. "இந்த மிஷினு போனுக்குப் பதிலா கைகுடுத்துட்டா லைன் அவனுக்குத்தான். இல்லன்னா வெளியிலேர்ந்து ஒருத்தனை வைக்கணும், வேற வழியில்ல. நாளைக் கழிச்சு சேரன்மாதேவியில ஒரு வேலை கெடக்கு. அங்கன பாத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான ஒருவரின் ஆறு வருஷத்தை என் ஒரு கேள்வி இழுத்து மூடப் பார்த்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெபராஜ் லாட்ஜ் வாசலில் மொபெட்டோடு நின்றார். கையில் இரண்டு உருண்டை பஞ்சு. காதில் வைத்துக்கொள் என்று சைகை. கடைப் பம்பில் தொடங்கி ஊர் ஓரத்தில் மூன்று கிணறுகளுக்குக் கூட்டிப்போய், என் கையைப் பிடித்து ஒவ்வொரு பம்பின் மேலும் வைத்தார். முதலில் எனக்கு எல்லாமே ஒரே நடுக்கம்தான். இரண்டாவது கிணற்றில், அட, பேரிங் தேய்ந்த பம்பில் சூடும் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பும் தனியாகத் தெரிந்தன! காற்று இழுக்கும் பம்பில் குழாய் விட்டு விட்டு உதைத்தது. நான் தப்பாகச் சொன்னபோதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

பதினொரு மணிக்கு முருகன்குறிச்சியில் ஒரு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்தோம், மணிக்கு இருபத்தைந்து ரூபாய். நான் எழுதுவேன், ஜெபராஜ் படித்துவிட்டுக் கோடு போட்டு அடிப்பார். 'அதிர்வின் தன்மையை ஆராயவும்' என்று எழுதினேன். அவர் அதை வெட்டிவிட்டு 'கையை வை. எப்படி இருக்கு?' என்று எழுதினார். என் நீட்டல் எல்லாம் போய், கையின் படம் வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு 64 திரை 41 ஆகிவிட்டது. சத்தம் என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

மூன்றாம் நாள் அண்ணாச்சி, ஜெபராஜ், நான் மூவரும் கிளம்பினோம். பாளையிலிருந்து சேரன்மகாதேவி 23 கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம், நாலு ரூபாய். மேலச்செவல் பக்கம் வலது ஜன்னலில் உட்காருங்கள், வயல் பச்சை கண்ணைப் பறிக்கும். அங்கிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டர், கால்வாய்த் தண்ணீர் எட்டாத கடைமடை. சுடலைமுத்து என்பவரின் வாழைத் தோட்டம். நாலு நாளாகக் கிணற்றுப் பம்பு மூத்திரம் போலத்தான் ஊற்றுகிறது, வாழை இலை மடங்கிக் கிடக்கிறது. வெளி மெக்கானிக் இரண்டு பேர் வந்து பேரிங்கை மாற்றியும் பலனில்லை.

"என்ன அண்ணாச்சி, காது கேக்காதவரையும் ஒரு பொம்பளப் பிள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கிய? வாழ பூராம் வாடிக் கெடக்குய்யா!" என்றார் சுடலைமுத்து.

"பைய இரும்வே. கொஞ்சம் பொறும்" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

பத்தே முக்கால். வெயிலில் திரை ஒன்றுமே தெரியவில்லை. இது எனக்குத் தோன்றவே இல்லை, ஐந்து மாதமும் டியூப்லைட்டுக்குக் கீழேயே பார்த்திருக்கிறேன்! ஜெபராஜ் துண்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு உள்ளே பார்த்தார். கிரீஸ் படாமல் இருக்க பாலித்தீன் உறைக்குள் போட்டார். தொடுகிற குச்சி நழுவிக் கிணற்றில் விழுந்தது. அவர் பாட்டுக்குத் தென்னை ஓலையிலிருந்து ஓர் ஈர்க்கைக் கிழித்து, முனையை மழுக்கி, உறைக்கு மேலேயே தொட்டார். வேலை செய்தது!

கையைப் பம்பின் மேல் வைத்தார். திரையில் 'ஒரே பக்கமாக உதைக்கிறதா?' என்பதைத் தொட்டார். 'இம்பெல்லரில் அடைப்பு' என்று வந்தது. இதுவரை அவருக்கே தெரியும். சிக்கல் இனிமேல்தான். அது புது மாடல், அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் அந்த இம்பெல்லரைப் பிடித்திருக்கும் நட்டு கழலவில்லை. முன்னால் வந்தவர்கள் அதோடு மல்லுக்கட்டி முனையை மழுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மற்ற மெக்கானிக் என்றால் இந்த இடத்தில்தான் பூத்துக்கு ஓடுவார். ஜெபராஜ் துண்டுக்குள் போனார். முப்பத்திரண்டாவது திரை: 'இந்த நட்டு இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருப்பு.' புத்தகத்தில் இது 143-ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகக் கிடந்தது. அதை எழுதிய பாவி நானேதான்.

வலப்பக்கம் ஒரு அழுத்து. கழன்றது. உள்ளே வாழை நார் பந்தாகச் சுற்றிக் கிடந்தது. பதினொன்றரைக்கு மாட்டி, எஞ்சினைச் சுற்றினார். தண்ணீர் தொட்டிச் சுவரில் மோதித் தெறித்து அண்ணாச்சியின் திருநீற்றைக் கரைத்துவிட்டது. சுடலைமுத்து ஓடிவந்து ஜெபராஜின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "யய்யா, நீரு நல்லா இருக்கணும்" என்றார். நான் வெட்கமில்லாமல் அழுதேன். வேலைச் சீட்டை எடுத்த அண்ணாச்சி, மெக்கானிக் என்ற இடத்தில் 'ஜெபராஜ்' என்று எழுதி, உதவி என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்தார். ஜெபராஜ் அதை வாங்கி, மடிக்காமல் நோட்டுக்குள் வைத்தார்.

மத்தியானம் கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு போய் அருவியில் ஒரு மணி நேரம் நின்றேன். போகிறவர்கள் மாற்றுத்துணி எடுத்துப் போங்கள், வனத்துறை அனுமதி நேரத்தை முன்பே விசாரியுங்கள். சின்னத் திரைக்கு எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: எழுதியதை வெயிலில், அழுக்குக் கையோடு, உங்களைப் போல் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். கடையின் மற்ற இரண்டு மெக்கானிக்குகளும் பிறகு, "எஞ்சின் இரைச்சல்ல எங்களுக்கும் ஒண்ணும் கேக்காது, ஜெபா எழுதுனதையே குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள்.

நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு ஜங்ஷனில் கோவை பஸ் ஏறினேன். ஜெபராஜ் மொபெட்டில் வந்தார், பின் சீட்டில் கருவிப் பெட்டி, சட்டைப் பையில் என் கணினி, கூட ஆள் இல்லை. அம்பாசமுத்திரத்தில் வேலையாம். விடைபெறும்போது உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். முகத்தைச் சுளித்தார். நோட்டில் கிறுக்கி, தாளைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டினார்: 'ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மதுரை தாண்டாது. வேறு பஸ் ஏறுங்கள்.' படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

திருமங்கலத்துக்கு முன்னால் நின்றது. எல்லாரும் இறங்கி வெயிலில் நின்றோம். "எங்க மெக்கானிக் திருநெல்வேலியிலயே சொன்னாருங்க" என்றேன், கண்டக்டரிடம் அந்தத் தாளைக் காட்டி.

அவர் படித்துவிட்டு, "சத்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சாராம்மா?" என்று கேட்டார்.