கூன் இல்லாத உருவம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முகத்துக்கு முன்னால் உருவம்தான் வரும். பனிமூட்டத்துக்குள் மங்கலாக ஒன்று அசையும். தோளையும் நடையையும் வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவோம். கோயிலில் ஆடுகிறவருக்கு உரு வந்துவிட்டது என்போம். என்னைக் காணும்போதெல்லாம் அக்கா, "கவிதை எழுதிக்கிட்டே திரிஞ்சா நீ எங்கடா உருப்படப் போற?" என்பாள். இந்த மழையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மலை சரிந்தபோது எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "இடமே உருத்தெரியாமப் போச்சு."

அந்த லயத்தில்தான் அக்கா இருந்தாள்.

பதுளை டவுனிலிருந்து நான் போய்ச் சேரும்போது மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பியவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்குள் அவள் இல்லை. அங்கே விவரம் எடுத்துக்கொண்டிருந்த அதிகாரி கேட்டார்: "ஆளு எப்பிடி இருப்பாங்க? உருவத்தச் சொல்லுங்க."

ஓர் இலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவன் நான். வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஒல்லி. கூன் முதுகு."

அவர் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். "அங்க ஒரு பொம்பள இருக்காங்களாம். நெனவு இல்ல, யாருன்னும் தெரியல. கூன் இருக்கான்னு கேட்டேன், இல்லையாம்."

"அப்ப எங்க அக்கா இல்லைங்க."

மண்மேட்டுக்கு ஓடினேன். மண்வெட்டி கிடைக்கவில்லை, கையால் கிளறினேன். தண்ணீர் குடிக்கப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது, லயத்தில் அக்காவின் அறைக்கு அடுத்த காம்பராப் பெரியம்மா, ஒடிந்த காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், என்ன அடையாளம் சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"கூனா? அவளுக்கு எப்படா கூன் விழுந்திச்சி? அது கொழுந்துச் சாக்குடா, பாவி! தலையில கயித்த மாட்டி முதுகுல தொங்கப் போடுறது. எறக்கி வச்சா டர்பன்டைன் மரமாட்டம் நெட்டுக்குத்தா நிப்பா. நீ என்னத்தக் கண்ண வச்சிக்கிட்டு எழுதுறியோ!"

நான் கண்டதெல்லாம் குனிந்தவளை. மலையில் சாக்கின் கீழே, பீலியில் கொட்டும் தண்ணீரில் துணியோடு, அடுப்புப் புகைக்குள். சாக்கை இறக்கிவிட்டு அவள் நிமிரும் நேரத்தில் நான் எங்கே இருந்தேன்?

நிவாரண லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முகம் முழுக்கக் கட்டு, கைகளிலும் கட்டு. போர்வைக்குள் நெடுநெடுவென்று ஓர் உடம்பு. மூச்சு மட்டும் ஏறி இறங்குகிறது.

"அக்கா" என்றேன். காதுக்குள்ளேயும் சொல்லிப் பார்த்தேன்.

"ஒங்கட ஆள்தானா?" என்று கேட்டாள் தாதி. "சொன்னீங்கன்னா தோட்டத்துக்கு அறிவிக்கலாம். தேடுறத நிப்பாட்டுவாங்க."

ஆமாம் என்று நான் சொல்லி, இது அவள் இல்லையென்றால், அங்கே மண்வெட்டிகள் ஓய்ந்துவிடும். இல்லை என்று சொல்லி, இது அவள்தான் என்றால், இரண்டாவது தடவையாக அவளை நான் விட்டுவிட்டுப் போகிறேன்.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்" என்றேன். "தோட்டத்துக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. தேடட்டும்." போர்வைக்கு மேலே அந்தத் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், எடுக்கவில்லை.