நீல வெளிச்சம்

ரீட்டாவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. ஜெயமங்கலத்துப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாதா திருவிழா. மத்தியானம் ஊருக்கே சாப்பாடு. குடிதண்ணீர் மிஷினை மாட்டிக் கொடுத்தவள் அவள்தான். தேனியில் வாட்டர் மிஷின் சர்வீஸ் பார்க்கிறவள். போன வருடம் இதே திருவிழாவில் டேங்க் தண்ணீரால் பாதி ஊர் வாந்தி பேதி என்று ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு வந்த மிஷின் அது.

உள்ளே யுவி விளக்கு எரியும். விளக்கில் தண்ணீர் படாமல் ஒரு குழாய் மூடியிருக்கும். அது குவார்ட்ஸ் என்கிற படிகத்தில் செய்ததாகத்தான் இருக்கவேண்டும். கிருமியைக் கொல்கிற கதிர் குவார்ட்ஸைத் தாண்டிப் போகும். சாதாரணக் கண்ணாடியிடம் அதன் பாச்சா பலிக்காது. நேற்று பழைய குழாய் உடைந்துவிட, போடி கடைவீதி முழுக்க அலைந்தாள். ஒரு கடைக்காரர், "இதுவும் குவார்ட்ஸ்தான், கொண்டு போங்க" என்று ஒன்றைக் கொடுத்தார். விடிந்ததும் வந்து மாட்டிவிட்டாள். மாட்டும்போது விளிம்பில் சாதாரணக் கண்ணாடி மாதிரி லேசாகப் பச்சை ஓடியதே, அந்தப் பச்சைதான் அவளைப் போட்டுப் படுத்துகிறது.

மிஷினைப் பார்த்துக்கொள்கிற வியாகுலமேரி எட்டிப் பார்த்தாள். "ஏன்த்தா இங்கனயே சுத்திச் சுத்தி வார? மாதா கலருல அம்சமா எரியுதுல்ல. நீலம் தெரிஞ்சா தண்ணி சுத்தம்னு நீதான சொன்ன?"

"சொன்னேங்க்கா. என் வாயில கொள்ளிய வைக்க. நீலம் கண்ணாடியிலயும் தெரியும். கிருமியக் கொல்றது கண்ணுக்கே தெரியாது."

பேசாமல் பஸ் ஏறிப் போய்விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அவள் கால் ரோட்டுப் பக்கம் திரும்பக்கூடத் திரும்பியது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே வைதுகொண்டு மிஷினை நிறுத்தினாள்.

குழாயை உருவி, இடுக்கியால் பிடித்து, சமையல்காரர்களின் கேஸ் அடுப்பில் அதன் நுனியைக் காட்டினாள். குவார்ட்ஸ் என்றால் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் அசையாது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். நுனி சிவந்தது. மாதாவே, குவார்ட்ஸாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வாளியில் முக்கினாள்.

படீரென்று சிதறியது.

ரீட்டா யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே போய், காலையிலிருந்து நிரம்பிய டேங்கின் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தரையில் ஓடியது.

"ஏ, கூறு இருக்கா ஒனக்கு? சாப்பாட்டு நேரத்துல என்ன வேல பாக்குற?" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். "சாமியாரு வந்தாகன்னா என்னத்தச் சொல்றது?"

"நான் மாட்டுனது கண்ணாடி. இந்தத் தண்ணி ஆகாதுன்னு சொல்லுங்க" என்றாள் ரீட்டா.

வியாகுலமேரி பெரிய அண்டாவைப் புரட்டி அடுப்பில் ஏற்றினாள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, கொதிக்கவைத்து ஆற்றித்தான் ஊருக்குக் கொடுக்கவேண்டும் என்று ஆட்களை விரட்டினாள். பிறகு ரீட்டாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன வருசம் எம் மக குளுக்கோஸ் பாட்டிலோட கெடந்தா. மூணாம் நாளு போய்ச் சேந்துட்டா. அன்னைக்கு டேங்கத் தொறந்துவிட ஒரு நாதி இல்லையேத்தா."