எர்னஸ்டோ ஏன் முகம் வரைவதில்லை?

போன சனிக்கிழமை எர்னஸ்டோவின் ஓவியக் கண்காட்சி. டவுன்டவுனில் ஒரு சின்ன கலரி. சந்தை, பஸ், தேவாலயம்... எல்லாப் படத்திலும் சனக்கூட்டம். ஒருவருக்கும் முகமில்லை!

"இது என்ன ஸ்டைல்?" என்று ஒரு பெண்மணி கேட்டார். எர்னஸ்டோ என்னைப் பார்த்தார். எனக்குக் காரணம் தெரியும்.

மணிலாவில் சினிமா பேனர் வரைந்து ஓவியரானவர் அவர். நடிகைகளின் முகங்கள் இரண்டாள் உயரத்தில்! பிறகு கலைக்கல்லூரி, பரிசுகள், பெயர். இராணுவச் சட்டக் காலத்தில் நண்பர்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். ரொறன்ரோ வந்துவிட்டார். மோர்னிங்சைட் பகுதியில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்கள் மாடிதான்.

அதே மாடியில் ஜெயந்தி. கணவரை யாழ்ப்பாணத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தகவலே இல்லை. வீடு எரிந்ததில் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

போன வின்டரில் என்னிடம் வந்தார்.

"அண்ணை, உந்தப் பிலிப்பீன்ஸ்காரரிட்டக் கேளுங்கோ. நான் சொல்லச் சொல்ல எங்கட இவரைப் படமாக் கீறித் தருவாரோ?"

எர்னஸ்டோ மறுத்தார். ஜெயந்தி அழுதார். கடைசியில் எர்னஸ்டோ சம்மதித்தார்.

அவருடைய கிச்சனில் உட்கார்ந்தோம். ஜெயந்தி தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அகன்ற நெற்றி... கொஞ்சம் வளைந்த மூக்கு... அதற்குமேல் ஜெயந்தியால் பேச முடியவில்லை. எர்னஸ்டோவின் கை மட்டும் நிற்கவில்லை. அது தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, இவரேதான்!" ஜெயந்தி எழுந்துவிட்டார். "அண்ணை, புருவத்தில இருக்கிற தழும்பை நீங்களோ சொன்னது?"

"இல்லை. எனக்கெப்பிடித் தெரியும்?"

படத்தை வாங்கிக்கொண்டு அவர் போனதும், எர்னஸ்டோ மெதுவாகச் சொன்னார். "மணிலாவிலும் இப்படித்தான். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் வருவார்கள். திரும்பி வந்த பிள்ளை ஒருவனின் முகமும் என் கைக்கு வந்ததில்லை. வந்த முகங்கள்... அவர்கள் திரும்பவேயில்லை."

"தெரிந்துகொண்டா வரைந்தீர்கள்?"

"இந்த முகம் வராது என்று நம்பித்தான் பிரஷ்ஷை எடுத்தேன்."

இதை ஜெயந்தியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? ஒரு வாரம் அவர் கதவைத் தாண்டிப் போகவே பயந்தேன்.

பிறகு அவரே கூப்பிட்டார். சுவரில் படம். படத்துக்கு மாலை. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆர் சொன்னது?" என்றேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. கீறேக்க அந்த மனுசன் அழுதவர் அண்ணை. நீங்கள் படத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். நான் அவரைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

மொழிபெயர்க்க என்று போனவன் நான்... அந்த ஒரு செய்திக்கு மட்டும் நான் தேவைப்படவேயில்லை.