சவிரிமுத்து சொல்லாமல் போன காலை

லண்டன் கிங்ஸ்பரியில் சவிரிமுத்துவைப்போல இன்னொரு பிடிவாதக்காரனைத் தேடிப்பிடிக்க ஏலாது. எண்பத்தாறில் ஊரில், பேசாலைக் கடலுக்கு மீன்பிடிக்கப் போன அவரின் தம்பி பீற்றர் திரும்பவேயில்லை. வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரையொதுங்கியது. ஊரே அழுது முடித்துவிட்டது. இந்த மனுசன் மட்டும், "அவன் இந்தியாவில எங்கயாவது அகதி முகாமில இருப்பான்" என்று ஒரே பிடியில் நின்றார். செத்தவர்களை நினைக்கும் ஆன்மாக்கள் திருநாளில் பீற்றருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த மனைவி பியற்றிஸை விடமாட்டார். அவள் வாங்கிவந்த திரி அலுமாரிக்குள்ளேயே கிடந்தது.

பஸ் ஓட்டும் வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் ஹோலில் மாட்டிய பீற்றரின் படத்தைப் பார்த்து, "போட்டு வாறன், தம்பி" என்பார். செத்தவீட்டில் ஆரும் அப்படிப் போய்வருவதாகச் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை, பேசாமல்தான் எழும்பிப் போவோம். அதனாலேயே அவர் ஒருநாளும் தவறாமல் சொன்னார். சொல்லாமல் விட்டால் தம்பி செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அந்தப் பயம்தான்.

தொண்ணூற்று நாலில் மகள் றோஸ்மலருக்கு ஸ்கொட்லாந்தின் வடகோடியில், ஓர்க்னித் தீவுகளில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. பார்க்கப் போன தாய்தகப்பனை அவள் ஒரு சின்னத் தீவுக்குப் படகில் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே புல்மேட்டுக்குள் ஐயாயிரம் வருசத்துக் கல்லறை. வாசல் முழங்கால் உயரம்தான். "இந்த வயசில என்னைத் தவழ வைக்கிறாள்" என்று முணுமுணுத்தபடி சவிரிமுத்து மகளுக்குப் பின்னால் உள்ளே போனார். உள்ளே நிமிர்ந்து நிற்க இடமிருந்தது. டோர்ச் வெளிச்சத்தில், பலகைக் கற்களால் தடுத்த சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன.

"இதுக்குள்ள ஒராளில்லை அப்பா, கனபேர். எலும்பெல்லாம் கலந்து கிடந்ததாம். ஆரின்ர எலும்பெண்டு தெரியாது," என்றாள் மகள்.

சவிரிமுத்து கல்லைத் தடவிப் பார்த்தார்.

"மீன்பிடிச்ச சனமோ?"

"ஓம் அப்பா."

"கடலில போனவையை என்ன செய்திருப்பினம்?"

"தெரியாது அப்பா. கடல் திருப்பித் தந்தால்தானே இஞ்ச கொண்டுவர ஏலும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எட்டு வருசமாகத் தம்பியை மனதுக்குள் முகாம் முகாமாக வைத்துப் பார்த்தவர், முதல்முறையாக அவனைத் தண்ணிக்குள் பார்த்தார். ஐயோ, படுக்க இப்படி ஒரு கல்லுக்கூடு கூட அவனுக்குக் கிடைக்கேல்லையே என்று மனம் கிடந்து பதறியது. பேசாமல் தவழ்ந்து வெளியே வந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டவுமில்லை.

லண்டனுக்குத் திரும்பிய அடுத்தநாள் விடிய ஷிப்ட். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஹோலுக்கு வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றார். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த பியற்றிஸ் வழக்கமான குரலுக்குக் காதைக் கொடுத்தபடி நின்றாள். குரல் வரவில்லை. கதவு மெல்லச் சாத்துப்பட்டது.

அவள் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, அலுமாரியைத் திறந்து மெழுகுதிரியை எடுத்தாள்.