கேரவனுக்கு எத்தனை தோல்

பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாசனை மூக்கில் ஏறுவதற்கு முன் நாக்கில் ஏறிவிடும். எனக்குப் பதினொரு வயதான டிசம்பரில், ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அப்பா வேலை பார்த்த யார்டில் உட்கார்ந்து நான் சாப்பிட்ட தயிர்சாதம், எலுமிச்சைசாதம், புரோட்டா எல்லாமே நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டதுபோல ஒரே ருசியாக இருந்தன. பள்ளிக்கு விடுமுறை; அம்மாவுக்கு கிளினிக்கில் ட்யூட்டி; அதனால் காலையில் அப்பாவோடு நானும் ஒரு சாப்பாட்டுப் பாத்திரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் பிக்கப்பில் ஏறிவிடுவோம். நோட்டு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் பார்க்கிற எதையும் வரிசை எண் போட்டு எழுதிக்கொள்கிற பிள்ளை என்பது எல்லோருக்கும் பழகிப் போயிருந்தது.

அப்பா ஒரு சின்ன கட்டட கம்பெனியின் யார்டுக்கு ஃபோர்மேன். அவருக்கு ஒரே தங்கை, என் அத்தை. தாத்தா இல்லாத வீடு என்பதால் கல்யாணத்தை அப்பாதான் நின்று நடத்தவேண்டும். தை மாதம் முதல் முகூர்த்தம். எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. அப்பாவின் லீவு பேப்பரில் மட்டும் இன்னும் கையெழுத்து விழவில்லை. அவருடைய பாஸ்போர்ட், அந்தக் காலத்து வழக்கப்படி, முதலாளியின் மேசை டிராயரில் இருந்தது. முதலாளியை எல்லோரும் "அர்பாப்" என்பார்கள்.

இங்கே ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கிற வண்டி. வளைகுடாவில் கட்டட வேலை பார்ப்பவர்களுக்குக் கேரவன் என்றால் தகரமும் தெர்மோகோலும் சேர்த்துச் செய்த ஒரு பெட்டி அறை. லாரியில் தூக்கிவந்து சைட்டில் இறக்கி, ஆபீஸாகவோ ஸ்டோராகவோ வைத்துக்கொள்வார்கள். அதற்குச் சக்கரம் கிடையாது. அரபிக்காரர், பட்டாணியர், மலையாளி, நம் ஆட்கள் எல்லோருக்கும் அதுதான் கேரவன். காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர்சுற்றப் போகிற சக்கர வீட்டுக்கும் அதே பெயர் உண்டு என்பது எங்கள் யார்டில் யாருக்கும் தேவைப்படாத தகவலாக இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் அர்பாப் போன் செய்தார். அவர் வாயில் செல்வராசு என்ற அப்பாவின் பெயர் ராஜ் ஆகிவிடும். "ராஜ், பாபா ஆயேகா. புரானா கேரவன் அச்சா பனாவ்." தன்னுடைய அப்பா வருகிறார், பழைய கேரவனை நன்றாக்கு என்று அர்த்தம். கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் பல வருடங்களுக்குப் பிறகு யார்டுக்கு வருகிறார், உட்கார ஒரு மரியாதையான இடம் வேண்டும் என்று அப்பா புரிந்துகொண்டார். யார்டில் ஆபீஸாக இருந்த பழைய கேரவனுக்கு யோகம் அடித்தது. புது ஏசி, கார்பெட், சோபா, ரோஜாப்பூ போட்ட திரைச்சீலை. காற்றோட்டம் போதவில்லை என்று பட்டதால், ராமநாதபுரத்து வெல்டர் முருகேசன் மாமா, யார்டின் பின்சுவரோரம் கிடந்த "டப்பா"விலிருந்து இரண்டு ஜன்னல்களை அறுத்தெடுத்து இதில் பொருத்தினார்.

டப்பா என்பது இரண்டு சக்கரத்தின் மேல் படுத்திருக்கும் ஒரு முட்டை. டயர் இரண்டும் மண்ணுக்குள் போயிருந்தன. உள்ளே பெயின்ட் டின்களையும் கிழிந்த சிமென்ட் சாக்குகளையும் போட்டு வைத்திருந்தார்கள்.

அர்பாப் வந்தார். அப்பா ஆபீஸ் கதவைப் புதுமனை புகுவிழா நடத்துபவர்போலத் திறந்துவிட்டார். அர்பாப் சோபாவில் உட்கார்ந்து ஒருமுறை எம்பிப் பார்த்து, "குட், குட்" என்றார். எழுந்து வெளியே வந்து, "கேரவன் கஹான்?" என்று கேட்டார். எங்கே கேரவன்?

"யே," என்றார் அப்பா, பின்னால் கைகாட்டி.

"யே நஹீன்!"

அவர் விறுவிறுவென்று பின்சுவரோரம் நடந்தார். டப்பாவின் விலாவில் இரண்டு சதுர ஓட்டைகள் இருந்தன. திரும்பி ஆபீஸைப் பார்த்தார். அவருடைய இரண்டு ஜன்னல்களும் ரோஜாப்பூத் திரைச்சீலையோடு அவரைப் பார்த்தன.

 முருகேசன் மாமா ஒரு ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரோடு இல்லாத காலத்தில் பெரியவர் அந்த வண்டியை யாரோ ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கி, குளிர்காலந்தோறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போவாராம். இப்போது ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தவர் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வருவார். வண்டி முன்பு இருந்ததுபோலவே இருக்கவேண்டும். அர்பாப் கோபப்படவில்லை. "கேரவன் கலாஸ், பாத் மே பாஸ்போர்ட்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: முதலில் கேரவன் முடியட்டும், பாஸ்போர்ட் பிறகு. எங்கள் விமானம் அந்த வெள்ளிக்கு மறுநாள் இல்லை, அதற்கும் மறுநாள், ஞாயிறு காலை.

அன்று வீட்டில் அம்மா சொன்னது: "இங்க ட்யூப்லைட் மாத்த ஆறு மாசம் ஆகுது. அங்க போயி டப்பாவுக்குப் பவுடர் பூசுறீங்க. உங்க தங்கச்சிக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க, மாப்பிள்ளைய அப்படியே ஒக்கார வைக்கச் சொல்லி."

முன்பு இருந்ததுபோல என்றால் எப்படி? அதைத்தான் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. போட்டோ இல்லை. வண்டியைச் செய்த கம்பெனியின் பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ரிவெட் ஓட்டைகள்தான் மிச்சம். அர்பாப் சிறுவனாக இருந்தபோது பார்த்தது. வெள்ளையாக இருந்ததாக ஞாபகம், ரொம்பப் பெரிதாக இருந்ததாகவும் ஞாபகம் என்றார். நான் நோட்டில் மூன்று பத்திகள் கோடு போட்டேன்: தெரிந்தவை, தெரியாதவை, முருகேசன் மாமா சொல்பவை. மூன்றாவதுதான் வேகமாக நிரம்பியது.

அடுத்த வரிசையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த கீழக்கரை ஜமால் காக்கா டீ குடிக்க வந்து, வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "அமெரிக்காக்காரன் வண்டி, செல்வராசு தம்பி. இம்புட்டு மொழுமொழுன்னு அவன்தான் செய்வான்."

நான் நோட்டைப் பார்த்து மறுத்தேன். ஒன்று, போல்ட்டுகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் பொருந்தவில்லை, எல்லாம் இஞ்ச். அதனால் அமெரிக்காவாகவும் இருக்கலாம், இங்கிலாந்தாகவும் இருக்கலாம். இரண்டு, கதவு இடது பக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓரமாக நிறுத்தி இந்தக் கதவைத் திறந்தால் நேராக ரோட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கும். இடது பக்கம் வண்டி ஓட்டுகிற ஊரில்தான் இந்தக் கதவு ஓரத்தில் திறக்கும்.

"நம்ம ஊர்லயும் இடது பக்கம்தான பாப்பா ஓட்டுறோம்," என்றார் முருகேசன் மாமா. "அப்ப இது பரமக்குடி வண்டியா இருக்கும்."

ஜமால் காக்கா சிரித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். "மவ வக்கீலா வருவா தம்பி," என்று சொல்லிவிட்டு, பழைய இஞ்ச் ஸ்பேனர் செட் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினார்.

நிறம்தான் பாக்கி. வெளியே அடித்த பெயின்ட்டையே ஒவ்வொரு முறையும் உள்ளேயும் அடித்திருந்தார்கள். அங்கே ஓர் அலமாரியில், யார் கண்ணிலும் படாத மூலையில், நான் தண்ணீர் தொட்டு "வாட்டர் பேப்பர்" போட்டு ஒரு காசு அகலத்துக்குத் தேய்த்தேன். மேலே வெள்ளை, அதன் நடுவில் நீலம், அதற்குள் பச்சை, எல்லாவற்றுக்கும் நடுவில், சாம்பல் பிரைமரை ஒட்டி, க்ரீம். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையம். "வண்டியா அண்ணே இது, வெங்காயம்," என்றார் முருகேசன் மாமா. அப்பா, வெள்ளைதானே அர்பாப் சொன்னது என்று இழுத்தார். நான் விடவில்லை. முதலில் அடித்ததுதான் ஒரிஜினல், அடியில் இருப்பதுதான் முதலில் அடித்தது, எனவே க்ரீம். மறுக்க முடியாத தர்க்கம். அப்பா அர்பாபுக்கே போன் போட்டு, "மேரா பேட்டி போலா," என் மகளே சொல்லிவிட்டாள் என்று பெருமையாகச் சொல்லி அனுமதி வாங்கினார்.

பத்து நாட்களில் "பட்டி" வைத்து, தேய்த்து, க்ரீம் அடித்து, ஜன்னல்களைத் திரும்பப் பொருத்தியாயிற்று. தொங்கிப்போய்த் தரையில் உரசிய கதவுக்கு முருகேசன் மாமா கீல் மாற்றி, சுண்டுவிரலால் தள்ளினால் திறக்கும்படி செய்தார். போகிற வருகிற எல்லோரையும் கூப்பிட்டு அதைச் சுண்டுவிரலால் திறந்து காட்டினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பெரியவர் வந்தார். கைத்தடி, கணுக்கால் வரை வெள்ளைக் கந்தூரா அங்கி, நிறைய மௌனம். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். எங்களுக்கும் புரியவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கூலியாட்களிடம் பேசுகிற உடைந்த அரபியில் சொன்னார்: "ஹாதா மாஃபி மால் அனா." இது என்னுடையது இல்லை.

அர்பாப் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். அத்தை கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான் என்பது எனக்கு அந்த வினாடியில் வரிசை எண் இல்லாமலே தெளிவாகத் தெரிந்தது.

பெரியவர் அலுப்போடு கதவருகே போனார். கந்தூராவை ஒரு கையால் லேசாகத் தூக்கி, கீழே பார்க்காமலே, கதவின் அடிமூலையில் இடது குதிகாலால் ஓங்கி ஓர் உதை விட்டார். சுண்டுவிரலுக்குத் திறக்கிற கதவு அது. படாரென்று போய்ச் சுவரில் மோதித் திரும்பியது. உதைத்த வேகத்தில் பெரியவர் பாதி உள்ளே போய்விட்டார். முருகேசன் மாமா பாய்ந்து இடுப்போடு பிடித்துக்கொண்டு, "அல்லா, முருகா" என்று இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

கதவு எங்கே முட்டும் என்று அவருடைய காலுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் வண்டி அவருடையதுதான். தவறு எங்கள் வேலையில். நான் உள்ளே ஓடி அலமாரியைத் திறந்து, அந்த மூலையைக் காட்டி அவரைக் கையசைத்துக் கூப்பிட்டேன். அவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான்கு வளையங்களையும் பார்த்து, மூன்றாவதன் மேல் விரலை வைத்தார்.

"அக்தர்," என்றார். பச்சை.

அதன்பிறகு அவர் மகனைப் பார்த்து வெகுநேரம் அரபியில் பேசினார். எனக்கு "அக்தர்" தவிர ஒன்றும் விளங்கவில்லை. அர்பாப் வீட்டுப்பாடம் எழுதாத பையன்போல நின்றார். பின்னர் அப்பா கேட்டுச் சொன்னது: வெள்ளைக்காரரிடம் வாங்கியதும் பெரியவர் தன் கையாலேயே அடித்த நிறம் அது. நீலமும் வெள்ளையும் பிள்ளைகள் வளர்ந்தபின் செய்த வேலை. க்ரீம், அவருக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவருடையது.

அர்பாப் அப்பாவிடம் திரும்பி, "ராஜ். அக்தர்," என்றார். அப்பா மெல்ல, "சண்டே ஃப்ளைட், அர்பாப்," என்றார். என்ன என்று பெரியவர் கேட்டார். அப்பா கல்யாணத்தைச் சொன்னார். பம்பாய்க்குக் கப்பலில் போய் வந்த தலைமுறை அது, எங்கள் எல்லோரையும்விட நல்ல ஹிந்தியில், "பஹன் கீ ஷாதி?" தங்கை கல்யாணமா என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு, மகனுக்கு இரண்டாம் தவணை ஆரம்பித்தார். பெயின்ட் அப்புறம் அடித்துக்கொள்ளலாம், இவனை முதலில் அனுப்பு என்றாராம். சாயங்காலமே டிரைவர் பாஸ்போர்ட்டோடு வந்தார்.

அப்பா ஊருக்குப் பெட்டி கட்டவேண்டிய சனிக்கிழமை முழுவதும் யார்டில் நின்று பச்சை அடித்தார். "இப்படியே போனா நான் அவருக்கு க்ரீம்காரனாவே இருந்துருவேன்," என்றார். வேலை முடிந்தபோது வண்டி பச்சை, அப்பா பாதிப் பச்சை, தின்னர் காலி. முகத்தைத் தேங்காயெண்ணெய் போட்டு அம்மா தேய்த்தெடுத்தாள். நகக்கண் மட்டும் விடவில்லை.

கல்யாணத்தில் அத்தை கையில் அண்ணன் பொரியிடுகிற சடங்கை போட்டோக்காரர் கிட்டத்தில் எடுத்தார். வெள்ளைப் பொரி, சிவப்பு மருதாணி, அப்பாவின் பச்சை நகங்கள். "துபாய்ல நகத்துக்கு ஏதோ வியாதியாமே?" என்று மாப்பிள்ளையின் பெரியம்மா அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தார்.

நான் இப்போது அபுதாபியில், எண்ணெய்த் தொட்டிகளுக்கு அடித்த பெயின்ட் எத்தனை அடுக்கு, எவ்வளவு தடிமன் என்று அளந்து எழுதித் தருகிற வேலையில் இருக்கிறேன். போன வருடம் யார்டு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். ஒரு குளிர்பதனக் கிடங்கு நின்றது. பச்சை வண்டி எங்கே போனது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. முருகேசன் மாமா விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய் நாளாயிற்று. ஜமால் காக்காவின் கடைவரிசையே இல்லை.

போன மாதம் அத்தை மகன், கல்யாண ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுத்தம் செய்து அனுப்பியிருந்தான். "மங்கினது, கறை, எல்லாம் எடுத்துட்டேன்க்கா. புதுசு மாதிரி இருக்கு பாருங்க." ஆல்பம் எங்கே என்று கேட்டேன். கரையான் பிடித்திருந்ததால் ஸ்கேன் செய்ததும் எரித்துவிட்டார்களாம்.

பொரியிடுகிற படத்தைத் திறந்தேன். அப்பாவின் கைகளில் தெரிகிற எட்டு விரல்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலையில் குறை சொல்ல முடியாது; ஒரு நகத்தில்கூடப் பச்சையை விடவில்லை.