துண்டு போர்த்திய டிவி

என் பிள்ளை கடல் தாண்டி வேலைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். அரிசி டப்பா அளவுதான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, அவன் போனில் எடுத்தது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதிலிருந்து எங்கள் டிவிக்கும் படம் வரும், அவன் இருக்கும் ஊருக்கும் போகும். அவன் அதை சர்வர் என்பான். நாங்கள் பெட்டி என்போம். அணைக்கக் கூடாது, மேலே துணி போடக் கூடாது, சூடாகிவிடும் என்று சொல்லியிருந்தான். நான் தினமும் தூசி தட்டுவதோடு சரி.

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் இப்படிப் போனவர்கள்தான். முதலில் பெங்களூர், பிறகு அதற்கும் அப்பால். தறியில் நின்ற தகப்பன்கள் பிள்ளைகளைத் தறிப் பக்கம் விடவில்லை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான். பவர்லூம் ஷெட்டில் நாளெல்லாம் நின்று அவனைப் படிக்க வைத்தார். சாயங்காலம் வந்தால் கால் வீங்கியிருக்கும். வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பேன். தறிக்காரன் கால் வீங்காமல் இருந்தால்தான் அதிசயம் எங்கள் தெருவில்.

பிள்ளை கடைசியாக லீவில் வந்தபோது மூன்று பேரும் திருப்பதிக்குப் போனோம். அவர் மொட்டை போட்டுக்கொண்டார். சாமி பார்த்துவிட்டு மலையிலேயே ஒரு மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். பிள்ளை வீடியோ எடுக்கப் போனை நீட்டினான். நான் தள்ளிப் போய்விட்டேன். எனக்குப் படத்தில் விழுவது கூச்சம்.

"நைனா, இன்னா வேண்டிக்கின?" என்று அப்பாவைக் கேட்டான்.

"வேண்டிக்கினத சொன்னா சாமி குடுக்கமாட்டாருடா."

"எனக்கு மட்டும் சொல்லு."

"நீ படம் புடிச்சிக்கினு கீற. ஊரே பாக்கும்."

அப்புறம் படத்தில் அவர் சிரிக்கிறார். சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டு, மழை பற்றி, ஷெட் முதலாளி பற்றி ஏதேதோ பேசுகிறார். அவர் பேசுகிற படம் அது ஒன்றுதான். மற்றதில் எல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார்.

பிள்ளை திரும்பிப் போன கொஞ்ச நாளில் அவர் படுத்தார். சோறு இறங்கவில்லை, மூச்சு இழுத்தது. திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது, இது இன்று நேற்று வந்ததல்ல என்றார் டாக்டர். "காலு வீங்கலியா? யாரும் கவனிக்கலியா?" என்று கேட்டார். தறி வேலை சார் என்றேன். மெஷினில் ரத்தம் சுத்தம் செய்து பார்த்தார்கள். உடம்பு தாங்கவில்லை.

பிள்ளையால் வர முடியவில்லை. அவன் விசாக் காகிதம் எல்லாம் அங்கே ஆபீசில் மாட்டிக்கொண்டிருந்தது, வந்தால் திரும்பப் போக முடியாது. காரியத்தைப் போனில் பார்த்தான். அதற்குப் பிறகு கூப்பிடும்போதெல்லாம் ஒன்றையே கேட்பான்.

"நான் வந்தப்போ நல்லாத்தானேமா இருந்தாரு? கூடவே இருந்தேனே, எனக்கு ஒன்னும் தெரியலியே?"

"நல்லாத்தான் இருந்தாருப்பா."

அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். அந்த ஒரு வார்த்தையில்தான் அவன் அங்கே எழுந்து நடமாடுகிறான் என்று எனக்குத் தெரியும்.

வருஷத் திதி வந்தது. சொந்தக்காரர்கள் கூடினார்கள். அந்தத் திருப்பதிப் படத்தை எல்லோருக்கும் டிவியில் போட்டுக் காட்டச் சொல்லி பிள்ளை போனில் இருந்தான். சித்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் தங்கை மகள் ரிமோட்டை எடுத்தாள். படம் வந்தது, நின்றது. மறுபடி கொஞ்சம் ஓடி, வாய் திறந்தபடி நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எந் தம்பி உசுரோட இருக்கசொல்லவும் இப்டித்தான். பாதிப் பேச்சுல நின்னுடுவான்" என்றார் என் மூத்தார், அவருடைய அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டேய், அமெரிக்காவுல இதான் படிச்சியா நீ?" என்று போனைப் பார்த்துக் கத்தினார்.

"அது ஃபோர் கே பெரிப்பா. ரொம்ப பெரிய படம். பொட்டி அத்த சின்னதாக்கித்தான் டிவிக்குக் குடுக்குது. அதுக்கே அது தெணறுது. வைஃபையும் பத்தல."

"அப்ப நாங்க துன்னுட்டு வரோம், நீ தெணறு" என்று பந்தலுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் தங்கை மகளும் நின்றோம். பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த வயரை டிவியில் செருகச் சொன்னான் பிள்ளை. பிறகு, "ஒரிஜினல்னு ஒன்னு இருக்கும் பாரு, அத்த அழுத்து. பொட்டி சின்னதாக்காம அப்டியே அனுப்பும்" என்றான்.

அழுத்தினாள்.

நான் அதுவரை அப்படி ஒரு படம் பார்த்ததில்லை. அவர் எதிரில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. புருவத்தில் நரை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே சதை உப்பியிருந்தது. பேசிக்கொண்டே வேட்டியை ஒதுக்கி, கட்டை விரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டார். விரலை எடுத்தார். அழுத்திய இடம் குழியாக நின்றது. அவர் சிரிக்கிறார், பேசுகிறார், குழி மேலே வரவே இல்லை.

தங்கை மகள் படத்தை நிறுத்தினாள். அவள் தினமும் ஆஸ்பத்திரியில் கிட்னி நோயாளிகளிடம் பார்க்கிற கால் அது. "பெரிம்மா, அப்பவே..." என்று வாயெடுத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். போன் டிவி பக்கத்தில் இருந்தது.

"ஓடுதா? எப்டி கீது?" என்றான் பிள்ளை.

அவள் என்னைப் பார்த்தாள். "ஓடுதுண்ணா. நைனா மொகம் பளிச்சுன்னு தெரியுது."

"எனக்கு இங்க கலங்கலாத்தான் வருது. நம்ம வீட்டு நெட்டு லைன் தாங்கல. நைட்டு பூரா எறக்கலாம்னு பாத்தா அங்க கரெண்ட் போயிடுது. போன்ல இருந்தத பொட்டியில போட்டுட்டு அழிச்சிட்டேன் வேற. எடுக்கும்போது கூட நான் மொகத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

அவர்கள் சாப்பிட்டு வருவதற்குள் டிவியை அணைத்துவிட்டேன். படம் நின்றுபோச்சு என்று சொன்னேன். மூத்தார் பெட்டியைத் திட்டிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே பிள்ளை, வீட்டுக்குப் புது லைன் போட ஏற்பாடு செய்துவிட்டேன் என்றான். அது வந்தால் அவனுக்கும் படம் முழுசாகப் போகும்.

"எதுக்குப்பா? சின்னப் படமே போதும்."

"உனக்குப் போதும்மா. நீ அவரு பக்கத்துலயே இருந்த. எனக்கு அவரு மொகத்த ஒரு தடவ நல்லாப் பாக்கணும்."

தங்கை மகளை வீட்டுக்கு வரச் சொல்லி, பெரிய படத்தை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கேட்டேன். "ஒரு அழுத்துல பூடும் பெரிம்மா. அப்புறம் யாராலயும் கொண்டாற முடியாது. பெரிப்பா மொகமும் சேந்துதான் பூடும்" என்றாள். ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குக் கை வரவில்லை.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். மத்தியானம் யாரும் இல்லாதபோது டிவியின் கீழ்ப்பாதியில் அவருடைய துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரிஜினலைப் போடுகிறேன். முகம் மட்டும் தெரிகிறது. தோள் அசைந்தால், இப்போது காலை அழுத்துகிறார் என்று தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

லைன்காரர் வந்தபோதும் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கையில் வயர்ச் சுருளோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"டிவி பாடயிந்தா அம்மா?" டிவி கெட்டுவிட்டதா என்று தெலுங்கில் கேட்டார்.

"அவுனய்யா", ஆமாம் என்றேன். லைன் இப்போது வேண்டாம், பிள்ளை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிள்ளையிடம் லைன்காரர் இன்னும் வரவில்லை என்கிறேன். அவன் அங்கிருந்தே அவர்களைத் திட்டுகிறான். காகிதம் சரியானதும் நேரில் வந்து நம்ம வீட்டு டிவியிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்கிறான். வா என்கிறேன். ஒரு வருஷமாக நான் அவனைப் பார்க்க ஏங்கியதும் நிஜம், இப்போது அவன் வரும் நாள் தள்ளிப் போகட்டும் என்று சாமியிடம் வேண்டுவதும் நிஜம்.

இதை நான் தமிழில் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரை படித்தது அதுதான். அவன் படித்ததெல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும். பேசுவான், தமிழ் படிக்கத் தெரியாது. இன்று காலையும் கூப்பிட்டான்.

"நான் வந்தப்போ நல்லாத்தானேமா இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தாருப்பா. நீ துன்னியா?"