பரோட்டாக் கல்லுக்கு மேலே ஒரு கிரேன்

மண்ணை நம்பிப் பிழைக்கிறவனுக்கு நெருப்பு விரோதி இல்லை, ஈரம்தான் விரோதி. சாரல் காலத்தில் சூளை மூட்டிப் பார்த்த சகபாவிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

உப்புக்காற்று இல்லாத ஊர்

நான் செய்வது சுட்டமண் சிற்பம். யாரிடமும் படிக்கவில்லை, தூக்கம் பிடிக்காத ராத்திரிகளில் கை தானாகக் கற்றுக்கொண்டது. தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப்போய்ப் பார்த்த துறைமுகக் கிரேன், அனல்மின் புகைபோக்கி, தூணில் அப்பிய சிப்பி, இவற்றைத் தென்காசியில் உட்கார்ந்து செய்கிறேன். வருகிறவர்கள் பிள்ளையார் இருக்கா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சேவியர் அண்ணாச்சி மட்டும் கிரேனே கேட்டார். அவருக்குப் பார்வை போய்விட்டது. ஆடி பிறந்ததும் மகனோடு புனேவுக்குப் போகிறார், அதற்குள் வேண்டும். "கண்ணுதானவே போச்சு, கை இருக்குல்லா. ஒரு தடவ தடவிப் பாத்துட்டுப் போறேன்."

காயாத கிரேன்

செய்து முடித்த அன்று குற்றாலத்தில் சாரல் தொடங்கியது. ஊரே அருவிக்கு ஓடியது. நான் ஈர மண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஈரத்தோடு சூளையில் வைத்தால் வெடிக்கும்; இன்னொன்று செய்ய நாளில்லை. ஃபேன் போட்டதில் கிரேனின் மெல்லிய கை முந்திக் காய்ந்து கீறல் விட்டது. அதைக் குழைமண்ணால் அடைத்தேன்.

செங்கோட்டை ரோட்டில் பரோட்டாக்கடை வைத்திருக்கும் ஜெயா அக்காவிடம் புலம்பினேன். அடுப்புக்கு மேலிருந்த பரணைக் காலி செய்து கொடுத்தார். சாப்பிட வந்த லாரி டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "ஏக்கா, பரோட்டாவ இனி இதுலதான் இறக்குவியளா?"

மாவும் மண்ணும்

கல்லில் பரோட்டாவைப் புரட்டும்போதெல்லாம் அக்கா கிரேனையும் கொஞ்சம் திருப்பி வைத்தார். மாவு உருண்டைமேல் போடும் ஈரத்துணியைக் கிழித்து, கிரேனின் கையில் மட்டும் சுற்றினார். தடித்த அடிப்பாகம் காயும்வரை மெல்லிய கை பொறுத்திருந்தது. நான் அந்தத் துணியையே பார்த்தேன். "என்ன தம்பி அப்படி பாக்கிய? வீச்சு பரோட்டா வீசுத கைக்கு இது என்ன பெரிய கிரேனு."

ஏணி

சூளையைத் திறந்தேன். கிரேன் முழுசாக நின்றது.

அண்ணாச்சியின் மடியில் வைத்தேன். விரல், கிரேனின் அடியில் நான் மண்ணில் செய்து ஒட்டியிருந்த சிப்பிகளில் உரசியது, சிரித்தார். பிறகு ஏணியைப் பிடித்துப் படிப்படியாக ஏறி, கேபின் சன்னலில் போய் நின்றது. கட்டைவிரலை அங்கிருந்து எடுக்கவேயில்லை. எதையோ தப்பாகச் செய்துவிட்டேனோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கடைசியில் பேசினார். "ஏணிய எதிர்ப்பக்கம் வச்சிட்டீருவே. பரவால்ல, ஏறிட்டேன்லா."

ஆக, கடலோரச் சிற்பம் செய்யக் கடல் கட்டாயமில்லை, பக்கத்தில் நல்ல பரோட்டாக்கடை இருந்தால் போதும்.